கார்கிலையும் காஷ்மீரையும் ஒரே அளவுகோலால் அளக்கலாமா?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். குடிமைப் பணித் தேர்வுக்காக அவர் படிக்கும் குறிப்பில் மோதல்களை மூன்று படிகளாகப் பிரித்திருக்கிறார்களாம். கீழ்ப்படியில் குறைதீவிர மோதல், நடுப்படியில் வரம்புக்குட்பட்ட போர், மேல்படியில் முழுப்போர். கார்கிலை நடுப்படியிலும் காஷ்மீர்க் கிளர்ச்சியைக் கீழ்ப்படியிலும் வைத்து எழுதினால் சரியாக இருக்குமா என்பது அவர் கேள்வி. கூடவே ஒரு வரி: "என் அண்ணன் எல்லைப் பாதுகாப்புப் படையில் இருக்கிறார், அவர் இருப்பது கீழ்ப்படி என்று எழுத எனக்குக் கை வரவில்லை." கேள்வியின் உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இவை ஒரே பொருளின் கூடுதல் குறைவுகளா, அல்லது தன்மையிலேயே வேறா என்பதைத்தான் அவர் உண்மையில் கேட்கிறார்.

தன்மையிலேயே வேறு என்பதே என் பதில். மதுரையில் ஒரு கல்லூரியில் பல ஆண்டுகள் சர்வதேச அரசியல் சொல்லிக்கொடுத்தவன் நான், சீருடை அணிந்தவன் இல்லை. ஒரு மலைமுகட்டை எப்படிப் பிடிப்பது, ஊருக்குள் சுற்றிவளைப்புத் தேடுதல் எப்படி நடக்கும் என்பதையெல்லாம் திருமங்கலம், பேரையூர் பக்கம் ஓய்வுபெற்று வந்திருக்கும் சுபேதார்களிடம் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அரசுகள் ஏன் ஓர் இடத்தில் நிறுத்திக்கொள்கின்றன, ஏன் சில சண்டைகள் முடிவதே இல்லை என்ற பக்கத்தைத்தான் என்னால் சொல்ல முடியும்.

முதலில் படிக்கணக்கை எண்களோடு உரசிப் பார்ப்போம். கார்கிலில் 1999 மே முதல் ஜூலை வரை இந்தியா இழந்த வீரர்கள் 527 பேர். இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை 1987 முதல் 1990 மார்ச் வரை சுமார் 1,200 பேரை இழந்தது. உங்கள் குறிப்பின்படி கார்கில் மேலே, யாழ்ப்பாணத்தில் நடந்த கெரில்லாச் சண்டை கீழே. ஆனால் வீடு திரும்பாதவர்கள் கீழ்ப்படியில்தான் அதிகம். காஷ்மீரில் 1989-க்குப் பிறகு இறந்தவர்கள், பொதுமக்கள், ஆயுததாரிகள், படையினர் எல்லோரையும் சேர்த்தால், அரசுக் கணக்கிலேயே நாற்பதாயிரத்தைத் தாண்டுகிறது. மறுபுறம் கொரியாவைப் பாருங்கள். 1950 முதல் 1953 வரை நடந்த அந்தப் போரை எல்லாப் பாடநூல்களும் வரம்புக்குட்பட்ட போருக்கு முதல் உதாரணமாகச் சொல்கின்றன. இறந்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல் என்பதே பெரும்பாலான மதிப்பீடு. ஆகவே 'வரம்பு' சாவின் எண்ணிக்கையில் இல்லை. இது உறுதி.

பிறகு எதில் இருக்கிறது? போரிடும் அரசுகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ளும் கட்டில் இருக்கிறது. எதற்காகச் சண்டை, எந்த நிலப்பரப்புக்குள் சண்டை, எந்த ஆயுதம் வரை என்ற மூன்றிலும் கைவசம் இருக்கும் முழு பலத்தையும் இறக்காமல் பிடித்து வைத்திருப்பதுதான் வரம்புக்குட்பட்ட போர். கொரியாவில் யாலு ஆற்றுக்கு வடக்கே, சீன மண்ணில் இருந்த விமானத் தளங்களைத் தாக்க அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் விரும்பினார். அதிபர் ட்ரூமன் சம்மதிக்கவில்லை. 1951 ஏப்ரலில் மெக்கார்தர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். எதிர்ப்பக்கமும் கட்டுப்பாடு இருந்தது. சோவியத் விமானிகள் தங்கள் நாட்டு அடையாளம் இல்லாத மிக்-15 விமானங்களில் பறந்து அமெரிக்க விமானங்களோடு நேருக்கு நேர் மோதினார்கள். ஆனால் எதிரியின் கையில் சிக்கிவிடக்கூடாது என்று, போர்முனைக்கு மேலும் கடலுக்கு மேலும் பறக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. ரஷ்யர்கள்தான் ஓட்டுகிறார்கள் என்று அமெரிக்கர்களுக்கும் தெரியும். வெளியே சொன்னால் உள்நாட்டில் பதிலடி கேட்டு நெருக்கடி வரும் என்பதால் அவர்களும் வாய் திறக்கவில்லை. ஒருவரையொருவர் கொன்றுகொண்டே, சண்டை இதற்கு மேல் போகக்கூடாது என்பதில் இரு தரப்பும் ஒத்துழைத்தன. வரம்புக்குட்பட்ட போர் எப்படி நடக்கும் என்பதை வகுப்பில் விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

வரப்பு என்பது இரண்டு பக்கத்துக் காட்டுக்காரரும் ஒத்துக்கொண்டால்தான் வரப்பு. ஒருவர் மட்டும் மனதில் வரப்பு போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 1965 இருக்கிறது. அந்த ஆகஸ்டில் பாகிஸ்தான் ஆயுதம் தாங்கிய ஊடுருவல்காரர்களைக் காஷ்மீருக்குள் அனுப்பியது. உள்ளூர் மக்கள் திரண்டு எழுவார்கள் என்ற கணக்கு பலிக்கவில்லை. செப்டம்பர் 1-ஆம் தேதி டாங்கிகளோடு சம்ப் பகுதியில் தாக்கியது. சண்டை காஷ்மீருக்குள்ளேயே நிற்கும் என்பது பாகிஸ்தான் ராணுவத் தலைமையிடமான ராவல்பிண்டியின் நம்பிக்கை. செப்டம்பர் 6-ஆம் தேதி இந்தியப் படை சர்வதேச எல்லையைத் தாண்டி லாகூரை நோக்கிப் போனது. மறைமுக ஊடுருவலாகத் தொடங்கியது ஒரே மாதத்தில் பஞ்சாப் சமவெளியில் டாங்கிப் போராகிவிட்டது.

கார்கில் இதற்கு நேர் எதிர். 1998 மே மாதம் இரண்டு நாடுகளும் அணுகுண்டுச் சோதனை நடத்தியிருந்தன. 1999 பிப்ரவரியில் வாஜ்பாயி லாகூருக்குப் போய் உடன்பாட்டில் கையெழுத்திட்டுத் திரும்பியிருந்தார். அதே குளிர்காலத்தில்தான் பாகிஸ்தானின் வடக்கு இலகு காலாட்படையினர், காஷ்மீரில் இரு நாட்டுப் படைகளையும் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி வந்து, பனிக்காலத்தில் நாம் காலி செய்துவிட்டு வந்த முகடுகளில் உட்கார்ந்துவிட்டார்கள். வந்திருப்பவர்கள் ராணுவத்தினரே இல்லை, முஜாகிதீன்கள் என்று இஸ்லாமாபாத் சாதித்தது. இந்தியா விமானப்படையை இறக்கியது. ஆனால் தரைப்படையும் சரி, விமானப்படையும் சரி, கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று வாஜ்பாயி அரசு கண்டிப்பாக உத்தரவிட்டது. அரபிக்கடலில் கடற்படை நகர்ந்தது, சுடவில்லை.

அந்தக் கட்டுப்பாட்டுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதைத் தேர்வுக் குறிப்புகள் எழுதுவதில்லை. எனக்கு அதில் மனவருத்தம் உண்டு. கோட்டைத் தாண்டியிருந்தால் முகட்டில் இருந்தவர்களுக்குச் சோறும் குண்டும் வரும் பாதையைப் பின்னாலிருந்து அறுத்திருக்கலாம். தாண்டக்கூடாது என்றதால் பல இடங்களில் கீழிருந்து, மறைவே இல்லாத மொட்டைப் பாறையில், இரவோடு இரவாக, மேலிருந்து சுடுபவனை நோக்கி ஏற வேண்டியிருந்தது. தோலோலிங் முகடு ஜூன் நடுவில்தான் கைக்கு வந்தது, டைகர் ஹில் ஜூலை 4-ஆம் தேதி. திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் பட்டாலிக் பகுதியில் மே 29-ஆம் தேதி இறந்தார். அவர் உடலை மீட்டுக் கீழே கொண்டுவரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. 'வரம்பு' என்று நாம் எளிதாக எழுதும் அந்தக் கட்டு, படையின் கடைசி வரிசையில் நிற்பவன் உடம்பால் தாங்கும் கட்டு. ஆனாலும் அந்த முடிவு சரியானது என்றே கருதுகிறேன். உலக நாடுகள், குறிப்பாக அமெரிக்கா, இந்தியா பக்கம் சாய்ந்ததற்கு அது முக்கியக் காரணம். ஜூலை 4-ஆம் தேதி வாஷிங்டனில் கிளிண்டனைச் சந்தித்த பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீப், படைகளை விலக்கிக்கொள்ள ஒப்புக்கொண்டுதான் வெளியே வந்தார்.

அணுகுண்டுதான் கார்கிலைக் கட்டுக்குள் வைத்ததா? இங்கே உறுதியை விட்டு விவாதத்துக்குள் வருகிறோம். இரண்டு பக்கமும் அணு ஆயுதம் இருந்தால் பெரிய போர் வராது, அந்தத் தைரியத்திலேயே சின்னச் சண்டைகள் பெருகும் என்று 1965-லேயே கிளென் ஸ்னைடர் என்ற அமெரிக்க அறிஞர் எழுதினார். கார்கிலைப் பார்த்தவர்கள் பலர் அது அப்படியே பலித்தது என்கிறார்கள். அணு ஆயுதம் இல்லாதபோதும் இந்தியாவும் பாகிஸ்தானும் 1947, 1965, 1971 போர்களில் கட்டுப்பாடு காட்டியிருக்கின்றன என்று வேறு சிலர் மறுக்கிறார்கள். 1971-ல் டாக்கா வீழ்ந்த அன்றே மேற்கு முனையில் இந்தியா தானாகப் போர்நிறுத்தம் அறிவித்ததை அவர்கள் சுட்டுவார்கள். என் கருத்து, அணு ஆயுதம் உச்சவரம்பைத் தீர்மானித்தது, ஆனால் கோட்டைத் தாண்டாதே என்ற குறிப்பான முடிவு ராஜதந்திரக் கணக்கிலிருந்து வந்தது. இதை நிரூபித்துவிட முடியாது. விடையில் ஒரு கருத்தாக எழுதுங்கள், உண்மையாக எழுதாதீர்கள்.

கார்கிலில் போட்ட கோடு அப்படியே நிற்கவும் இல்லை. 2016 செப்டம்பரில் இந்தியத் தரைப்படை கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டித் தாக்கிவிட்டுத் திரும்பியது. புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு 2019 பிப்ரவரியில் விமானப்படை கைபர் பக்தூன்க்வா மாகாணத்தில் இருக்கும் பாலகோட் வரை போனது. பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு 2025 மே 7-ஆம் தேதி பாகிஸ்தானின் பஞ்சாபில் பஹவல்பூர், முரித்கே வரை அடி விழுந்தது, அடுத்த நாட்களில் விமானத் தளங்களும் இலக்காயின, மே 10-ஆம் தேதி நின்றது. ஒவ்வொரு முறையும் கோடு தள்ளிப்போனது என்பது உறுதி. இதனால் பயங்கரவாதத் தாக்குதல் குறையுமா என்பதற்கு இன்னும் யாரிடமும் தீர்ந்த விடை இல்லை. எந்தக் கோடு கடைசிக் கோடு என்பதை முன்கூட்டி இரு தரப்பும் பேசி வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்குக் கவலை தரும் விஷயம்.

இனிக் குறைதீவிர மோதல். இதில் ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் பெரும்பாலும் அரசு அல்லாத ஆயுதக்குழு. முகட்டைப் பிடித்தால் முடிந்தது என்ற கணக்கு இங்கே கிடையாது. ஊரில் இருப்பவர்கள் யாருக்குத் தகவல் சொல்கிறார்கள், யாருக்குப் பயப்படுகிறார்கள், யாரை நம்புகிறார்கள் என்பதற்குத்தான் சண்டை. அதனால் இதற்குக் கெடு கிடையாது. கார்கில் ஏறக்குறைய மூன்று மாதம். மிசோரம் இருபது ஆண்டு. 1966 மார்ச்சில் அய்சாலின் மேல் இந்திய விமானப்படையே குண்டு போட்டது, கிராமங்களைக் கலைத்துச் சாலையோரக் குடியிருப்புகளில் மக்களை அடைத்தார்கள், கசப்பு வளர்ந்தது. கடைசியில் 1986 ஒப்பந்தமும் 1987-ல் மாநில அந்தஸ்தும்தான் முடித்துவைத்தன. ஆயுதம் ஏந்திய கிளர்ச்சியின் தலைவர் லால்டெங்காவே முதலமைச்சரானார். ராணுவம் நேரத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது, முடித்தது அரசியல்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த வகைச் சண்டை புதிதல்ல. 1755-ல் மதுரைக்கு வந்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பிய கர்னல் ஹெரானின் கிழக்கிந்தியக் கும்பினிப் படை நத்தம் கணவாயில் கள்ளர் சமூகத்தவரிடம் மாட்டியது. மதுரைக்கு அருகே ஒரு கோயிலிலிருந்து அந்தப் படை எடுத்துவந்த சிலைகளை அவர்கள் மீட்டார்கள். 1801-ல் மருது சகோதரர்களைப் பிடிக்க வந்த கர்னல் அக்னியூ, காளையார்கோவில் காட்டை வெட்டிப் பாதை போட வாரக்கணக்கில் பாடுபட்டுக் கைவிட்டு, பிறகு வேறு பக்கங்களிலிருந்து சூழ்ந்துதான் உள்ளே போனார். அந்த அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். ஆயுதம் வைத்திருக்கவே தடை வந்தது. திப்புவை வீழ்த்தி இரண்டு ஆண்டு ஆகியிருந்த கும்பினிக்கு இது மேலும் ஒரு படையெடுப்பு. சிவகங்கைச் சீமைக்கோ வாழ்வா சாவா என்ற முழுப்போர். ஒரே சண்டை, ஒரு தரப்புக்குச் சிறியது, மறு தரப்புக்கு மிச்சம் வைக்காதது. படிக்கணக்கு உடையும் இடம் இதுதான். எந்தப் படியில் நிற்கிறது என்பது யார் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இதையே இன்னும் அருகில் பார்க்க வேண்டுமென்றால் ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி முகாம்களுக்குப் போங்கள். இலங்கைத் தமிழர்கள் தலைமுறை தாண்டியும் அங்கே இருக்கிறார்கள். 1983-ல் கெரில்லாத் தாக்குதலும் கலவரமுமாகத் தீவிரம் அடைந்த மோதல், பின்னாளில் பீரங்கி, கடற்படை, விமானம் என்று வளர்ந்து, 2009-ல் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. கடைசி மாதங்களில் மட்டும் நாற்பதாயிரம் வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் சொன்னது. இலங்கை அரசு அதை ஏற்கவில்லை. எண்ணிக்கையில் சச்சரவு இருக்கிறது, பேரழிவு நடந்ததில் சச்சரவு இல்லை.

உங்கள் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். இந்திய அரசு தன் வீரர்களுக்குத் தரும் பதக்கங்களைக் கவனியுங்கள். எதிரிக்கு முன்னே நின்று காட்டிய வீரத்துக்குப் பரம்வீர், மகாவீர், வீர் சக்கரங்கள். மற்ற இடங்களில் காட்டிய வீரத்துக்கு அசோக, கீர்த்தி, சௌரிய சக்கரங்கள். கார்கிலில் இறந்த மேஜர் சரவணனுக்கு வீர் சக்கரம். 2014-ல் காஷ்மீரின் சோபியானில் ஆயுததாரிகளோடு மோதி இறந்த சென்னை மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்கரம். இதுவரை படிக்கணக்கோடு பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் 1987-ல் யாழ்ப்பாணப் பகுதியில் கெரில்லாக்களோடு போரிட்டு இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குக் கிடைத்தது பரம்வீர் சக்கரம், போர்க்காலத்தின் உச்ச விருது. 2020 ஜூனில் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. எல்லைக் கோட்டின் அருகே சுடக்கூடாது என்று 1996-ல் சீனாவோடு போட்ட ஒப்பந்தம் இருந்ததால், கல்லாலும் ஆணி பதித்த தடியாலும் அடித்துக்கொண்டார்கள். இருபது இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர். அவருக்கும் வீர் சக்கரம். ஆயுதத்தின் அளவை வைத்தால் கல்வான் எல்லாவற்றுக்கும் கீழே. அரசோ அதை எதிரியின் முன் நடந்த போர்ச்செயலாக ஏற்றது. எதிரில் நின்றது யார், எங்கே நின்றது என்பதைத்தான் அரசே பார்க்கிறது. சண்டையின் பருமனை அல்ல.

சட்டம் பார்க்கும் விதம் இன்னொன்று. 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின்படி நாடுகளுக்கு இடையிலான ஆயுத மோதல் ஒரு வகை, ஒரு நாட்டுக்குள் நடப்பது மற்றொரு வகை. இரண்டாவதற்குப் பொது மூன்றாம் பிரிவு மட்டுமே அடிப்படைப் பாதுகாப்பு. சிறைப்பட்டவரைக் கொல்லக்கூடாது, சித்திரவதை கூடாது, காயம்பட்டவருக்கு மருத்துவம் வேண்டும் என்பவை அதில் உண்டு. எந்த அளவு வன்முறை 'ஆயுத மோதல்' ஆகிறது என்பதற்கு, அரசுக்கும் ஒழுங்கமைந்த ஆயுதக்குழுவுக்கும் இடையே நீடித்த ஆயுத வன்முறை இருக்க வேண்டும் என்று முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயம் 1995-ல் சொன்ன அளவுகோலைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். இந்தியா காஷ்மீரையோ வடகிழக்கையோ அந்த வகையில் சேர்க்க ஒப்புக்கொள்வதில்லை. அங்கே நடப்பது உள்நாட்டுச் சட்டத்தின் கீழ், படையினருக்குக் கூடுதல் அதிகாரமும் வழக்கிலிருந்து பாதுகாப்பும் தரும் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தோடு. அந்தச் சட்டம் முழு விலக்கு தந்துவிடாது என்று மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-ல் தெளிவாகச் சொன்னது. கார்கிலில் போரிடும் எதிரியைச் சுட்ட வீரன் அதற்காகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குள் ரோந்து போகும் வீரன் ஒவ்வொரு குண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும், எதிரே வருபவன் விவசாயியா ஆயுததாரியா என்பதை இரண்டு நொடியில் முடிவு செய்ய வேண்டும். அந்த ரோந்து கார்கிலைவிட எளிதான வேலை என்று நான் ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை.

தேர்வில் எழுதும்போது மூன்று படிகளைப் போட்டுவிட்டு, உடனே அதன் குறையைச் சொல்லுங்கள். வரம்பு என்பதை நோக்கம், பரப்பு, ஆயுதம் என்ற மூன்றால் விளக்குங்கள், கொரியாவையும் கார்கிலையும் உதாரணமாக வையுங்கள். குறைதீவிர மோதலைத் தனிப் பத்தியாக, யாருக்கும் யாருக்கும் நடுவே, எதற்காக என்று எழுதுங்கள், மிசோரம் அதற்குப் போதும். இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்துக்கு 1965 ஆகஸ்டும் செப்டம்பரும் இருக்கின்றன. அண்ணன் எந்த எல்லையில் இருக்கிறார் என்று நீங்கள் சொல்லவில்லை, இங்கே சொல்லவும் வேண்டாம். விடுமுறையில் வரும்போது, சுடுவதற்கு முன் அவர்களுக்கு என்னென்ன விதிகள் என்று அவர் சொல்லக்கூடிய அளவுக்குக் கேட்டுப் பாருங்கள். மூன்று பக்கக் குறிப்பில் இல்லாதது அதில் கிடைக்கும்.